நிலவிடம் சொன்ன வழக்கு



மூன்று ஆண்டுகளுக்கு முன் லெந்து நாட்களில் நான் செய்த ஒரு பிரசங்கத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இந்த வாரம் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அது நினைவிராது. பிரசங்கங்களை மறந்துவிடுகிற கிருபை சபையாருக்கு உண்டு. ஆனால் ஒரு வீட்டில் அது மறக்கப்படவில்லை என்பதைச் சென்ற மாதம் அறிந்துகொண்டேன்.

அன்று காலத்தைப் பிரயோஜனப்படுத்துவதைக் குறித்துப் பேசினேன். கைபேசியைக் காட்டிப் பிள்ளைகளைக் கடிந்துகொண்டபின், பெரியவர்களை மட்டும் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எண்ணி, இரவெல்லாம் கறுப்பு வெள்ளைக் காதல் பாட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிமாரைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தேன். சபை சிரித்தது. சிரிப்பு எழுந்தால் பிரசங்கியாருக்கு உற்சாகம் வந்துவிடும். நரைத்த தலையோடு நிலவையும் தென்றலையும் பார்த்து ஏங்குவது பக்திக்கு ஏற்றதல்ல என்று இன்னும் இரண்டு வாக்கியங்கள் சேர்த்தேன். எழுதிக்கொண்டு போன குறிப்பில் அவை இல்லை.

சென்ற மாதம் ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, எழுபது வயதை நெருங்கிய ஒரு சகோதரியார் மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து என்னிடம் வந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்கள். “ஐயா, ஒரு சந்தேகம். பழைய படப் பாட்டுகளைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டால் அதுவும் பாவமா?” என்று கேட்டார்கள். விளையாட்டாகக் கேட்கிறார்கள் என்று எண்ணிச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவர்களுடைய கணவர், பழைய பாடல்களுக்கென்று இருந்த அலைவரிசையை நிறுத்திவிட்டாராம். போதகரே சொல்லிவிட்டார் என்பது காரணம். அன்றுமுதல் சமையலறையில் ஒரு சிறு வானொலியை மெல்ல வைத்துக் கேட்கிறார்கள். “குக்கர் சத்தத்தில் இவர்களுக்குக் கேட்காது” என்றார்கள். மூன்று ஆண்டுகள்! நான் சபையைச் சிரிக்க வைத்ததற்கு அந்த அம்மாள் செலுத்திய விலை அது.

பாவமல்ல என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டிற்கு வந்து பேசுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, “எந்தப் படம் உங்களுக்குப் பிடிக்கும்?” என்று கேட்டேன். யோசிக்காமல், “மிஸ்ஸியம்மா” என்றார்கள்.

நான் வளர்ந்த வீட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தகப்பனார் மயிலாப்பூர்ப் பகுதியில் உபதேசியாராக இருந்தார்கள். சினிமா என்ற சொல்லே வீட்டில் புழங்காது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கிய பின், வெள்ளிக்கிழமை இரவுகளில் ‘ஒளியும் ஒலியும்’ என்று திரைப்பாடல்களை ஒளிபரப்பினார்கள். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டமும் வெள்ளிக்கிழமைதான். அந்த நேரத்தில் தெருவே ஒரே பாட்டைப் பாடும். நாங்கள் அதற்கு மேலே சத்தமாகக் கீர்த்தனை பாடுவோம். ஜெபம் முடிவதற்கு முன் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே வந்து, எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டை மட்டும் பார்த்திருக்கிறேன். என் தகப்பனாருக்கு இது தெரிந்திருக்கலாம். ஒருநாளும் கேட்டதில்லை.

எங்களுக்கு அனுமதிக்கப்பட்டது ‘அம்புலிமாமா’. அது பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம், தீங்கில்லாதது. 1947இல் அதைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்கரபாணியும்தான் விஜயா நிறுவனத்தின் பேரில் ‘மிஸ்ஸியம்மா’வைத் தயாரித்தவர்கள் என்பதை நான் வளர்ந்த பிறகே அறிந்தேன். ஆக, நிலவின் பேரைத் தாங்கிய அவர்களுடைய பத்திரிகை முன்வாசல் வழியாகவும், அவர்களுடைய படப்பாட்டு எதிர்வீட்டு ஜன்னல் வழியாகவும் எனக்கு வந்து சேர்ந்தன.

தடை செய்தது நம் வீடுகள் மட்டுமல்ல. 1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசை ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி அகில இந்திய வானொலியிலிருந்து அவற்றை ஒதுக்கி வைத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957இல், அரசாங்கமே விவித் பாரதியைத் தொடங்கி அந்தப் பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. நம் சகோதரியாரின் சமையலறை வானொலியை எண்ணும்போது கேஸ்கர் அவர்கள்மேல் எனக்கு ஒருவித உறவு தோன்றுகிறது.

பேசப் போவதற்கு முன் படத்தைப் பார்த்துவிடுவது நியாயம் என்று பட்டது. ஓர் இரவு என் மனைவியும் நானும் உட்கார்ந்து பார்த்தோம்.

1955ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்த படம். எல். வி. பிரசாத் இயக்கியது. கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். வேலை தேடும் ஓர் இந்து வாலிபனும், மேரி என்னும் கிறிஸ்தவப் பெண்ணும், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தம்பதிகளுக்கே ஆசிரியர் வேலை என்பதால் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும். மேரிக்குக் கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவனோ அவளை மணக்கத் துடிக்கிறான். அவன் நம்பியார், பெயர் டேவிட். (ஒரு படத்தில் கிறிஸ்தவர் வந்தால் ஒருவர் அப்பாவியாகவும் மற்றவர் வில்லனாகவும் இருப்பது அப்பொழுதே தொடங்கிவிட்டது போலும்!) பள்ளியை நடத்தும் ஜமீன்தார் தம்பதியர் இவர்களைப் பிள்ளைகளைப் போல் நேசிக்கிறார்கள். குங்குமம் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது மேரிக்கு முள்ளாய்க் குத்துகிறது. பொய் ஒவ்வொரு நாளும் வளர்கிறது. அதனடியில் வேறொன்றும் வளர்கிறது.

அதில் ஓர் இரவுக் காட்சி. இருவருக்கும் மனத்தாங்கல். அவன் அவளிடம் பேச முடியாது; பேசினால் சண்டை. ஆகவே நிலவைக் கூப்பிட்டு, தன் வீட்டு வழக்கை நிலவிடம் சொல்லுகிறான். அவளும் அவனுக்குப் பதில் சொல்லாமல் நிலவிடமே தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லுகிறாள். குரல்கள் ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும். ராஜா அவர்கள் குரலை உயர்த்தாமல் பாடுகிறவர். பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிறது என்பதைப் போல. ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி என்னும் ஆங்கிலோ இந்தியர். ஸ்டுடியோவுக்குள் விளக்குகளைக் கொண்டே நிலவொளியை உண்டாக்குவதில் பேர்பெற்றவர். ‘மாயா பஜார்’ பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அந்தப் பாட்டின்போது என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். இதை அவளும் வாசிப்பாள் என்பதால் மேலே எழுதவில்லை.

இருபது ஆண்டுகளாகத் திருமணத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மணமுடித்தவர்களுக்குப் பேசுவதற்கு ஒரு மொழி இருந்ததா? மாமனார் மாமியாரோடு இரண்டு அறைகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள். கணவன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட வீடு திரும்பிப் பார்க்கும். பிள்ளைகள், சம்பளம், அரிசி, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றைப் பேசுவதற்குச் சொற்கள் இருந்தன. நீ என்னை நோகப்பண்ணினாய், ஆகிலும் நீ இல்லாமல் எனக்கு முடியாது என்று சொல்வதற்கு இல்லை. அந்தச் சொற்கள் திரையிலிருந்து வந்தன, அதுவும் பாட்டாக வந்தன. பாட்டாக வந்ததால் யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை. குளியலறையில் முணுமுணுக்கலாம், மாவு அரைக்கும்போது முணுமுணுக்கலாம். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.

அதனால்தான் அந்தப் படங்கள் நம் ஊரில் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன என்று எண்ணுகிறேன். பழமையின்மேல் உள்ள ஏக்கம் மட்டும் காரணமல்ல. ஸ்ரீதர் அவர்களுடைய ‘கல்யாண பரிசு’ (1959) கதையாகப் பார்த்தால் துயரமே. அக்காவுக்காகத் தங்கை தன் காதலை விட்டுக்கொடுக்கிறாள். முடிவில் மணப்பந்தலில் பரிசாக வருவது ஒரு குழந்தை. ஆனால் மக்கள் எடுத்து வைத்துக்கொண்டது பாட்டுகளை. ஜெமினி கணேசனுக்கு ராஜாவுக்குப் பின் குரல் கொடுத்த பி. பி. ஸ்ரீநிவாஸ் அவர்களைக் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் பலமுறை பார்த்திருக்கிறேன். தலையில் மைசூர்த் தலைப்பாகை, சட்டைப்பையில் வரிசையாகப் பேனாக்கள், முன்னே ஒரு காப்பி, எழுதிக்கொண்டேயிருப்பார். அந்த உணவகம் போய், இப்பொழுது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அடுத்த மேசைக்காரர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தங்கள் மனைவியிடம் திரும்பி ஏதோ தாழ்ந்த குரலில் சொல்வதைக் கவனித்திருக்கிறேன். அந்தத் தாழ்ந்த குரலைத்தான் என் பிரசங்கத்தில் பரியாசம்பண்ணினேன்.

சாவித்திரியைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. ‘மிஸ்ஸியம்மா’வில் மணமாகாத இருவர் மணமானவர்களாக நடித்தார்கள். உண்மையிலோ அந்த நடிகர் இருவரும் 1952இலேயே மணம் செய்துகொண்டு, அதைச் சில ஆண்டுகள் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். அவருக்கு முன்னமே மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை நான் மெச்சவில்லை. அந்த முதல் வீட்டின் கண்ணீர் எந்தப் பாட்டிலும் இல்லை. தி. நகரில் ஹபிபுல்லா சாலை வழியாகப் போகும்போதெல்லாம் சாவித்திரி அவர்கள் அங்கே வாழ்ந்ததும், எல்லாவற்றையும் இழந்ததும், நினைவு திரும்பாமல் மாதக்கணக்கில் கிடந்து 1981 டிசம்பரில் மரித்ததும் மனதில் வரும். திரையில் அத்தனை பேருக்குச் சொற்களைக் கொடுத்த அம்மாள் அவர்கள்.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஈசாக்கு பெலிஸ்தியருக்குப் பயந்து, ரெபெக்காளைத் தன் சகோதரி என்று சொல்லி வைத்திருந்தான். மணமானவர்கள் மணமாகாதவர்களாக நடித்த கதை அது. ஒருநாள் ராஜா பலகணி வழியாகப் பார்த்தபோது, அவர்கள் விளையாடிக்கொண்டிருந்த விதத்திலிருந்தே உண்மை தெரிந்துவிட்டது. ராஜா என்ன கண்டான் என்று வேதம் விவரிக்கவில்லை. ஆனால் பார்த்தவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. உன்னதப்பாட்டைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம், பேசிய உடனே அது சபையைக் குறிக்கிறது என்று சொல்லி மூடி வைத்துவிடுகிறோம். ஈசாக்கின் ஜன்னலை அப்படி மூட முடியாது.

நம்முடைய மூதாதையர் இத்தனை பயந்தவர்களாகவும் இருக்கவில்லை. சுவார்ச் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். குறவஞ்சி என்பது காதல் நாடகம். தலைவி தலைவன்மேல் மையல் கொள்வதும், நிலவையும் தென்றலையும் நொந்துகொள்வதும், குறத்தி வந்து குறி சொல்வதும் அதன் மரபு. சீயோன் குமாரத்தியைத் தேவமோகினி என்ற தலைவியாக்கி, அந்த அச்சிலேயே சுவிசேஷத்தை வார்த்தார் சாஸ்திரியார். நிலவும் தென்றலும் பக்திக்கு ஏற்றவையல்ல என்று நான் பிரசங்கித்ததை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ண எனக்கு வெட்கமாயிருக்கிறது.

ஆகிலும் ‘மிஸ்ஸியம்மா’வின்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதை இரண்டு விசுவாசங்களை ஒரே கூரையின்கீழ் வைத்துவிட்டு, முடிவில் அந்தக் கடினமான கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. சிறுவயதில் காணாமற்போன ஜமீன்தாரின் மகள் மகாலட்சுமியே மேரி என்று, பாதத்திலுள்ள மச்சத்தைக்கொண்டு கண்டுபிடித்துவிடுகிறார்கள். தங்கவேலு துப்பறிகிறார்; எல்லாரும் சிரித்து மகிழ்கிறோம். ஆனால் அதுவரை ஜெபித்த மேரி என்ன ஆனாள்? அவளை வளர்த்த ஏழைக் கிறிஸ்தவத் தகப்பனுக்கு என்ன மிஞ்சியது? எனக்கு அன்றிரவு அந்தத் தகப்பனைப் பற்றிய நினைவாகவே இருந்தது.

இத்தனையும் யோசித்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அடையாற்றிலிருந்து மந்தைவெளிக்குப் போனேன். சகோதரர் மரியாதையாக வரவேற்று உட்காரவைத்தார்கள். மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்; எழுபத்தைந்து வயது. சகோதரியார் காப்பி போட உள்ளே போனார்கள். நான் சுற்றி வளைக்காமல், “அன்று நான் பேசியது தவறு. உங்கள் வீட்டில் அதனால் ஒரு சந்தோஷம் நின்றுபோனதாக அறிந்தேன். என்னை மன்னிக்க வேண்டும்” என்றேன்.

அவர்கள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, உங்கள் பிரசங்கத்தினால் நான் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு அது ஒரு காரணமாக வாய்த்தது, அவ்வளவுதான்” என்றார்கள்.

சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள். “அந்தப் பாட்டுகளைப் பார்க்கும்போது அவளுடைய முகம் வேறு முகமாகிவிடும். நானும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அந்த முகம் வந்ததில்லை. எழுபது வயதுக்குமேல் இதையெல்லாம் ஒரு மனுஷன் யாரிடம் சொல்லுவது?”

ஆயத்தம் செய்துகொண்டு போன ஈசாக்கும் சாஸ்திரியாரும் எனக்கு உதவவில்லை. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது சகோதரியார் தட்டோடு வாசற்படியில் நின்றார்கள். எதிலிருந்து கேட்டார்களோ தெரியாது. அன்று குக்கர் சத்தம் இல்லை.

காப்பியை வைத்துவிட்டு, கணவரைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார்கள். “ஐயா, 1978இல் எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வாரம், இவர்கள் என்னை மிஸ்ஸியம்மாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பழைய படமாகத் திரும்பப் போட்டிருந்தார்கள். கபாலி தியேட்டர். திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்த நிலாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். அதற்குமுன் இவர்கள் பாடி நான் கேட்டதில்லை, அதற்குப்பின்னும் கேட்டதில்லை. அந்தப் பாட்டு வந்தால் எனக்கு அந்த நடைதான் ஞாபகம். ஜெமினி கணேசனா எனக்கு ஞாபகம் வருகிறார்?”

கடைசிக் கால்மணி நேரத்தை எப்பொழுதுமே பார்ப்பதில்லை என்றும் சொன்னார்கள். மச்சத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன் எழுந்துபோய்விடுவார்களாம். “மேரி மேரியாகவே இருக்கட்டும், ஐயா.” நான் அன்றிரவு உறக்கமில்லாமல் யோசித்த கேள்விக்கு அவர்கள் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்த தீர்வு இது.

சகோதரர் வாயைத் திறந்தார்கள். ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். “கபாலி இல்லை. காமதேனு” என்றார்கள்.

“கபாலிதான்.”

“கபாலியிலிருந்து நம் பழைய வீடு ஐந்து நிமிஷம். நாம் குளத்தை ஒட்டி நடந்து வந்தோம். கோயில் பக்கம் பூக்கடையில் நின்றோம். அப்படியானால் லஸ்ஸிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? காமதேனுதான்.”

“கபாலிதான். நேரே வந்தால் ஐந்து நிமிஷந்தான். நீங்கள்தான் இன்னும் கொஞ்சம் சுற்றிப் போகலாம் என்றீர்கள்.”

காமதேனு இப்பொழுது கல்யாண மண்டபம். கபாலி இடிக்கப்பட்டுப் பல காலமாயிற்று. போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. இருவரையும் எட்டு ஆண்டுகளாக அறிந்திருக்கிறேன். அவர்கள் ஒருவரோடொருவர் இத்தனை நேரம் பேசி நான் கேட்டதேயில்லை. பூக்கடையில் வாங்கியது மல்லிகையா கனகாம்பரமா என்பதில் இன்னொரு வழக்குத் தொடங்கியது. (இதையெல்லாம் எழுத இருவரும் சம்மதித்தார்கள். தியேட்டரின் பெயரைச் சரியாகப் போட வேண்டும் என்பது மட்டும் இருவருடைய நிபந்தனையும். அதனால்தான் இரண்டையும் போட்டிருக்கிறேன்.)

ஜெபித்துவிட்டுப் புறப்படலாம் என்று எழுந்தேன். சகோதரர் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, “ஐயா, நீங்கள் மயிலாப்பூரில் வளர்ந்தவர்கள். நீங்களே சொல்லுங்கள். கபாலியில் படம் பார்த்துவிட்டு மந்தைவெளிக்கு யாராவது குளத்தைச் சுற்றிக்கொண்டு வருவார்களா?” என்று கேட்டார்கள்.